பெல்ட்டுக்கு மூணு ஃபால்: மெக்சிகோவின் பழைய டைட்டில் மேட்சுகளை ரசிப்பது பற்றி

#1 அரீனா_பித்தன்

போன வாரம் ரே மிஸ்டீரியோ இழையில் ஒரு தம்பி, "லூச்சா லிப்ரேன்னா கயித்து மேல ஏறிக் குதிக்கிறதுதானே" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனார். பதில் எழுத உட்கார்ந்தேன், அனுமார் வால் மாதிரி நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

குதிக்கிறார்கள்தான். ஆனால் லூச்சா லிப்ரே என்கிற இந்த மெக்சிகோ மல்யுத்தத்தில் ஒற்றைக்கு ஒற்றை பட்டத்து பெல்ட்டுக்காக மோதும் மேட்ச், முக்கியமாக 80களிலும் 90களின் தொடக்கத்திலும் நடந்தவை, வேறு ரகம். முதல் ஃபாலில், அதாவது முதல் சுற்றில், பெரும்பாலும் யாரும் கயிற்றுப் பக்கமே போக மாட்டார்கள். இருவரும் தரையோடு தரையாகக் கிடப்பார்கள். 'ஆ ராஸ் தே லோனா' என்பார்கள், கித்தான் மட்டத்தில் என்று அர்த்தம். ஒருவன் மணிக்கட்டைப் பிடிப்பான். மற்றவன் உருண்டு கழன்று கணுக்காலைப் பிடிப்பான். இவன் அதற்குள்ளிருந்தே கழுத்துக்கு வழி தேடுவான்.

ஒரு பிடிக்கு ஸ்பானிஷில் 'யாவே' என்று பெயர். யாவே என்றால் சாவி. நாம் கைப்பூட்டு, கால்பூட்டு என்கிறோம், அவர்களோ அதையே சாவி என்கிறார்கள். பிடியிலிருந்து விடுபட்டு எதிராளியையே மாட்டிவிடுவது 'கோந்த்ராயாவே', எதிர்ச்சாவி. பூட்டுகிற காரியத்துக்குச் சாவி என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று நானும் ரொம்ப நாள் மண்டையைக் குழப்பியிருக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு விதி: மூன்று ஃபாலில் இரண்டு எடுத்தவன் ஜெயித்தவன், நேர வரம்பு கிடையாது. அறிவிப்பாளர் 'தோஸ் தே த்ரெஸ் காயீதாஸ், சின் லீமிதே தே தியெம்போ' என்று இழுப்பாரே, அது இதுதான். தோளை மூன்று எண்ணும்வரை கித்தானில் அழுத்தலாம், அல்லது பிடியில் சரணடைய வைக்கலாம். டைட்டில் மேட்ச் என்றால் இரண்டு மூலையிலும் ஆளுக்கொரு உதவியாளர் நிற்பார். எடை அறிவிப்பார்கள். பாக்ஸிங், லூச்சா இரண்டையும் கவனிக்கிற கமிஷனின் ஆள் வந்து பெல்ட்டைக் காட்டுவார். ஒரு கல்யாண வீட்டுச் சடங்கு மாதிரி நிதானமாக நடக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது ரூடோக்களின் நடத்தை. ரூடோ என்றால் வில்லன், தெக்னிகோ என்றால் நல்லவன். மற்ற நாளில், மூன்று பேர் அணியாக மோதும்போது, இதே ரூடோ எதிராளியின் மாஸ்க்கைப் பிய்ப்பான், ரெஃப்ரி திரும்பினால் இடுப்புக்குக் கீழே உதைப்பான். பெல்ட் மேட்ச் அன்று கை கொடுத்துவிட்டு ஆரம்பிப்பான். தனக்கும் வித்தை தெரியும் என்று காட்டியாக வேண்டிய நாள் அது.

உதாரணம் ஒன்றே ஒன்று. 1984 செப்டம்பர் 14, என்டபிள்யூஏ (அமெரிக்க மல்யுத்தக் கூட்டமைப்பு) பெயரிலான மிடில்வெயிட் பட்டம், எல் சதானிக்கோவும் கிரான் கோச்சிஸேவும். சதானிக்கோ 'லோஸ் இன்ஃபெர்னாலெஸ்' என்ற நரகக் கூட்டத்தின் தலைவன், பெயரிலேயே சாத்தான் இருக்கிறது. அந்த ஆள் இங்கே ஒரு வாத்தியார் மாதிரி மல்லுக்கட்டுகிறார். முதல் ஃபாலில் கொடுத்த கடனை மூன்றாவதில் வட்டியோடு வாங்குகிறார்கள். பார்த்தவர்கள் எழுதுங்கள், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.


#2 ரூடோ_மருது

அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பாத்தேன். பாதியில தூங்கிட்டேன்.

நீங்க சொல்ற அதே காலம், அதே ஈஎம்எல்எல் கம்பெனி, அதே இன்ஃபெர்னாலெஸ் கும்பல்ல இருந்த எம்.எஸ்.-1. 1983 செப்டம்பர் 23, கம்பெனியோட அம்பதாவது ஆண்டு விழா, சாங்ரே சிகானாவோட மொட்டை மேட்ச். தோத்தவன் தலைய ரிங்குலயே மழிக்கணும். ரெண்டு பேரு மூஞ்சியும் ரத்தம். அதுல ஒரு யாவேயும் கிடையாது, ஒரு எதிர்ச்சாவியும் கிடையாது. ஆனா கண்ண எடுக்க முடியுதா? சிகானா ஒரு குத்து விடுறதுக்கு முன்னாடி தடுமாறி நிப்பான் பாருங்க, நம்ம வீட்டு ஆளுக்கு அடிபட்ட மாதிரி இருக்கும்.

இன்னொன்னு. மெக்சிகோக்காரனுக்கே பெல்ட்ட விட மாஸ்க்கும் தலைமுடியும்தான் பெருசு. பெல்ட்டு போனா அடுத்த வருஷம் திரும்ப எடுத்துக்கலாம், பந்தயத்துல தோத்து மாஸ்க் போனா போனதுதான். அப்புறம் எதுக்கு இந்த பெல்ட் மேட்ச தலைல தூக்கி வைக்கிறீங்க?


#3 பழைய_கேசட்

மருது சொல்வதில் பாதி சரி. பணம் பார்ப்பது எப்போதும் மாஸ்க்கும் தலைமுடியும்தான். ஆனால் அந்த வாக்கியத்தையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மாஸ்க்குக்காக ஒருவன் என்ன வேண்டுமானாலும் செய்வான், ஆகவே அங்கே வெறி. பெல்ட் போனால் தலைமுறைக்கு அவமானம் ஒன்றும் இல்லை, அதனால் அங்கே திறமையை மட்டும் வைத்து ஆட இடம் கிடைக்கிறது. ஒரே ஆள் இரண்டையும் செய்வார். 1990ல் எல் டாண்டியும் சதானிக்கோவும் பெல்ட்டுக்கும் மோதினார்கள், டிசம்பரில் தலைமுடிக்கும் மோதினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒரே ஜோடிதானா என்று கேட்பீர்கள்.

கேசட் சேர்க்கிறவள் என்ற முறையில் ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிக்கொள்கிறேன். இந்த வகையின் பொற்காலம் என்று கிழவர்கள் சொல்வது 80களை இல்லை, 40களிலிருந்து 60கள் வரை. ரோலாண்டோ வேரா, கோரி கெரேரோ, எல் சாந்தோ, கார்லோஃப் லகார்தே. 1953ல் ப்ளூ டெமோன் சாந்தோவிடமிருந்து வெல்டர்வெயிட் பட்டத்தை எடுத்ததுதான் அவர்கள் பகையின் அடித்தளம். இன்றைக்கு நாம் அதைப் பார்க்க வழியே இல்லை. டிவியில் லூச்சா 50களின் தொடக்கத்தில் வந்தது. தலைநகரை ஆண்ட உருச்சுர்து அதற்குத் தடை போட்டார். அதன் பிறகு பல வருடம் சினிமாவில் ரத்தக்காட்டேரிகளோடு சண்டை போட்ட சாந்தோதான் நமக்குக் கிடைத்தார், ரிங்கில் பெல்ட்டுக்கு ஆடிய சாந்தோ இல்லை. அதே தடையில் பெண்கள் சண்டை தலைநகரில் 1986 வரை நடக்கவில்லை என்பது தனிக்கதை.

ஆகவே 1983, 84 என்று தொடங்கும் டேப்புகள் ஒரு நீண்ட மரபின் கடைசி அத்தியாயங்கள். நடுவில் இருந்து புத்தகத்தைத் திறக்கிறோம்.


#4 யாழ்_நீலன்

நானும் பாத்தனான். எனக்கு நித்திரை வரேல்ல, ஆனா ஒரு விசயம் விளங்கேல்ல.

முதல் ஃபாலில ஒருத்தன்ர கையைப் பிடிச்சுப் பத்து நிமிசம் முறுக்கிறான். அடுத்த ஃபால் தொடங்கினவுடன அந்தக் கை ஒண்டும் நடக்காத மாதிரி வேலை செய்யுது. மூண்டாவதில அதே கையால எதிராளியைத் தூக்கி எறியிறான். ஜப்பான்காரர் எண்டால் காலில ஒரு அடி விழுந்தாலும் மேட்ச் முடியும்வரை நொண்டிக்கொண்டு நிப்பாங்கள். அப்ப இந்தப் பிடி எல்லாம் சும்மா காட்சிக்குத்தானோ? பித்தன் அண்ணை, கடன் வட்டி எண்டு சொன்னீங்கள். கடன் வாங்கினவன் அடுத்த ஃபாலிலயே மறந்துபோறானே.


#5 ஜூடோ_கோச்

20 வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுத்தவன். மல்யுத்தக் காட்சிகளை நான் சிரித்துக்கொண்டேதான் பார்ப்பது வழக்கம். இந்த இழையால் முதல் தடவை இந்த மேட்சைப் பார்த்தேன். நீலன் கேட்டது நல்ல கேள்வி, ஆனால் கேள்வியே வேறு ஆட்டத்தின் கேள்வி என்று தோன்றுகிறது.

ஜூடோவில் தரைச்சண்டையில் எதிராளி என்னைக் கையைப் பூட்டப் பார்த்தான், நான் தப்பினேன் என்றால் கை ஒடிந்துவிடவில்லை. நான் தப்பிவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அவன் எப்படி வந்தான் என்று எனக்கு இப்போது தெரியும், நான் எந்தப் பக்கம் உருண்டு தப்பினேன் என்று அவனுக்கும் தெரியும். அடுத்த முறை இருவரும் அதை மனதில் வைத்துத்தான் நகர்வோம். இந்த மெக்சிகோக்காரர்கள் செய்வது அதுதான். முதலில் ஒருவன் ஒரு பிடி போடுகிறான், மற்றவன் ஒரு வழியில் கழல்கிறான். இரண்டாம் முறை அதே பிடி, கழலும் வழி அடைபட்டிருக்கிறது. சேருவது காயம் இல்லை, தகவல்.

ஒரு சின்ன சந்தேகம். இவர்கள் எல்லாரும் வலது கை, வலது கால் என்றே பிடிக்கிறார்களே? அமெரிக்க மல்யுத்தத்தில் எல்லாம் இடது பக்கம் அல்லவா? டேப் தலைகீழாக மாறிவிட்டதோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.


#6 பழைய_கேசட்

கோச், டேப்பில் கோளாறு இல்லை. மெக்சிகோவில் வலது பக்கம்தான் வழக்கம், வெளியே எல்லா இடத்திலும் இடது. அங்கே போகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு முதல் மாதம் இதுதான் தலைவலி. சாலையில் வலது பக்கம் ஓட்டுகிற ஊருக்குப் போய்விட்டு நாம் எதிர்த்திசையில் திரும்புவோமே, அப்படி.


#7 அரீனா_பித்தன்

கோச் "தகவல்" என்று சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். நான் கடன் வட்டி என்று சுற்றி வளைத்ததைவிட அது பொருத்தம்.

ஆனாலும் நீலனிடம் பாதி ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா மேட்சும் இதைச் சரியாகச் செய்வதில்லை. சில மேட்சுகளில் முதல் ஃபால் வெறும் சம்பிரதாயம். நாலு பிடி காட்டிவிட்டு மணி அடிக்கும், அப்புறம் எல்லாம் வான வேடிக்கை. கச்சேரியில் பெயருக்கு ஒரு ஆலாபனை பாடிவிட்டுத் துக்கடாவுக்குத் தாவுகிற பாடகர் மாதிரி. நல்லதற்கும் சுமாருக்கும் வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், பிடியில் கிடக்கிறவன் சும்மா கிடக்கிறானா என்று பாருங்கள். அட்லாந்திஸும் ப்ளூ பேந்தரும் 1991 ஆகஸ்டில் மோதியதில், கீழே கிடப்பவனின் இன்னொரு கை ஒரு நொடி சும்மா இருக்காது. எதிராளியின் விரலைப் பிரிக்கும், முழங்காலைத் தள்ளும், இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். கேமரா தூரத்தில் இருந்தாலும் தெரியும்.

பேந்தர் துராங்கோ மாநிலத்து கோமெஸ் பலாசியோக்காரர். அந்த லகூனா வட்டாரத்தால் அவருக்கு 'எல் மாஸ்ட்ரோ லகுனேரோ', லகூனாவின் ஆசான், என்று பட்டம். ரூடோதான். ஆனால் இந்த மேட்சில் அவரை ரூடோ என்று சொல்ல ஒரு செயலைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இரண்டு ஃபாலுக்கு நடுவில் இருக்கிற அந்த இடைவெளியையும் கவனியுங்கள். மூலையில் உட்கார்ந்து துண்டால் துடைத்துக்கொண்டு, உதவியாளர் காதில் ஏதோ சொல்ல, மூச்சு வாங்குவார்கள். கை சரியாகிவிடுவதற்கு மெக்சிகோ மேட்ச் கொடுக்கும் நியாயமே அந்த இடைவெளிதான், நீலன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.


#8 யாழ்_நீலன்

துண்டால துடைச்சால் முறிஞ்ச கை சரியாகுமோ? சரி, உங்களுக்காக நம்புறன் :-)


#9 புதுசு_2024

வணக்கம் எல்லாருக்கும். இவ்வளவு நாள் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். எனக்கு இதுல ஒரே ஒரு பேர்தான் தெரியும், எல் டாண்டி. சின்ன வயசுல கார்ட்டூன் முடிஞ்சதும் ராத்திரி வர்ற அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சி டபிள்யூசிடபிள்யூல எங்க அண்ணன் கூடப் பாப்பேன். அதுல டாண்டி எப்பவும் தோக்குற ஆள். அவர்தானா இவர்? எதுல ஆரம்பிக்கட்டும்?


#10 பழைய_கேசட்

அவரேதான் தம்பி. 1998ல் அங்கே இருந்த மல்லர் பிரெட் ஹார்ட் ஒரு பேட்டியில் "எல் டாண்டியைச் சந்தேகப்பட நீ யார்?" என்று கேட்டது உலகம் பூராவும் நகைச்சுவை ஆகிவிட்டது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு எட்டு வருடம் முந்தைய டாண்டியைத் தெரியும்? சந்தேகப்படாதே என்று பிரெட் சொன்னதில் தப்பே இல்லை.

ஆரம்பிக்க அவரையே வைத்துக்கொள். முதலில் 1990 ஜூன், ஆன்ஹெல் அஸ்தேக்காவோடு மிடில்வெயிட் மேட்ச். அஸ்தேக்கா அப்போது இளைஞர், துடிப்பு அதிகம், கொஞ்சம் முரட்டுத்தனமான துல்லியமின்மை உண்டு. டாண்டி அதையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டு அவரைப் பெரிய ஆளாக்கிக் காட்டுவார். பக்கத்தில் நிற்கிறவனை உயர்த்துகிறவர் அவர்.

அப்புறம் 1992 ஜூலை 3, நெக்ரோ காசாஸோடு. இதை ராத்திரி தனியாக, போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்.


#11 யாழ்_நீலன்

அது என்டபிள்யூஏ பெல்ட்டுக்கான மேட்ச் எல்லோ?


#12 பழைய_கேசட்

இல்லை. அங்கே ஒரே எடைக்கு இரண்டு பெல்ட் ஓடிய குழப்பம். 1933ல் சல்வதோர் லுத்தெரோத் தொடங்கிய ஈஎம்எல்எல் கம்பெனி 90களின் தொடக்கத்தில் சிஎம்எல்எல் என்று பெயரை மாற்றி, தன் சொந்தப் பெல்ட்டுகளை உருவாக்கியது. சிஎம்எல்எல் மிடில்வெயிட் பெல்ட்டை முதலில் 1991 டிசம்பரில் சதானிக்கோவைத் தோற்கடித்து எடுத்தவர் ப்ளூ பேந்தர். 1992ல் அன்டோனியோ பெஞ்யா பிரிந்து போய் ஏஏஏ கம்பெனி தொடங்கினார், பேந்தரும் அவரோடு போய்விட்டார், பெல்ட் அநாதையாகிவிட்டது. அந்தக் காலி நாற்காலிக்குத்தான் டாண்டியும் காசாஸும். ஜெயித்தது டாண்டி.

பழைய என்டபிள்யூஏ பெல்ட்டுகளும் கூடவே ஓடின. கம்பெனி என்டபிள்யூஏவை விட்டு விலகி எத்தனையோ வருடம் கழித்தும் அந்தப் பெயரை விடவில்லை. கடைசியில் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று அந்தப் பக்கத்திலிருந்து பிரச்சினை வந்து, 2010ல் 'இஸ்தோரிகோ' (வரலாற்றுப் பட்டம்) என்று ஒட்டுச் சேர்த்துப் புதிய பெல்ட் அடித்தார்கள். வீட்டைக் காலி பண்ணிவிட்டு முகவரியை மட்டும் வைத்துக்கொண்ட கதை.

மிடில்வெயிட் என்றால் 82 முதல் 87 கிலோ. அமெரிக்காவில் ராட்சசர்கள் முக்கியம் என்றிருந்த காலத்தில் இங்கே நம் தெருவில் பார்க்கிற உடம்புக்காரர்கள்தான் ராஜா. தரைவித்தை இங்கே வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 140 கிலோ ஆசாமிகளை வைத்து இருபது நிமிடம் உருண்டு காட்ட முடியாது.


#13 ரூடோ_மருது

அக்கா சொன்னாங்களேன்னு டாண்டி-காசாஸ் பாத்தேன். போன தூரத்துல வச்சுட்டுத்தான் பாத்தேன், சாட்சிக்கு என் பொண்டாட்டி இருக்கா.

இது வேற. தூக்கம் வரல. ஏன்னு யோசிச்சேன். காசாஸ் மூஞ்சிதான் காரணம். அவன் ஒரு பிடியில மாட்டுறான், கழண்டு வெளிய வந்து டாண்டிய ஒரு பார்வை பாக்குறான். கை லேசா மடங்குது. குத்தப் போறான்னு நெனச்சேன். குத்தல. திரும்பக் கை நீட்டி அடுத்த பிடிக்குப் போறான். எனக்கு அந்த எடம்தான் மேட்சு. மத்த நாள்ல இவன் என்னென்ன செய்வான்னு அங்க உக்காந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். இன்னைக்கு அடக்கிக்கிட்டு இருக்கான். எப்ப அவுறும், எப்ப அவுறும்னு நமக்குக் கெடந்து அடிச்சுக்குது.

பித்தண்ணே, நீங்க "ரூடோ வாத்தியாரா மாறிட்டான்"னு எழுதுனீங்க. மாறல. உள்ள இருக்கு, பல்லக் கடிச்சிட்டு இருக்கான். அதான் எனக்குப் புடிச்சது.

அட்லாந்திஸ்-பேந்தர் இன்னும் கசப்புதான். சொல்லிட்டேன்.


#14 அரீனா_பித்தன்

மருது, இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் இத்தனை வருடம் பார்த்தும் அதை அப்படிச் சொல்லத் தெரியவில்லை. சதானிக்கோ-கோச்சிஸே மேட்சை நேற்று உங்கள் கண்ணால் மறுபடியும் பார்த்தேன். சதானிக்கோ ஒவ்வொரு முறை கழன்று எழும்போதும் ஒரு அரை நொடி நிற்கிறார். நான் அதை மூச்சு வாங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

அப்படியென்றால் பெல்ட் மேட்சுக்கு முன்னால் மற்ற நாள் மேட்சுகளையும் பார்த்திருக்க வேண்டும். வாராவாரம் அரீனா மெக்சிகோவுக்குப் போன ஜனங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமக்குத் துண்டு துண்டாகக் கிடைக்கிற வீடியோவில் அது காணாமல் போகிறது. காசாஸுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர் அப்பா பெப்பே காசாஸ் மல்லர், பிறகு ரெஃப்ரி. விதி எங்கே வளையும், எங்கே உடையும் என்பது வீட்டிலேயே கற்றிருப்பார்.


#15 ஜூடோ_கோச்

பிடிகளின் பெயர்களைத் தேடிப் போய் இரண்டு நாள் வீணாகிவிட்டது, சந்தோஷமாக வீணாகியது. பாதிப் பிடிகளுக்கு ஊர்ப் பெயர் அல்லது ஆள் பெயர். மான்டெர்ரேயின் ரோலாண்டோ வேரா கண்டுபிடித்தது 'ரெய்னேரா'. எதிராளியைக் குறுக்கே தூக்கிப் பிடித்து முதுகை வளைப்பது. அவர்தான் ப்ளூ டெமோனுக்குக் குரு என்பதும் இப்போதுதான் தெரிந்தது. கவெர்னாரியோ கலிந்தோவின் பெயரில் 'கவெர்னாரியா'. சாந்தோவின் புகழ்பெற்ற 'லா தே ஆ கபாயோ', குதிரை மேல் உட்கார்வது போல முதுகில் உட்கார்ந்து தாடையை இழுப்பது, கோரி கெரேரோ உருவாக்கியது. கோரி நம் எடி கெரேரோவின் அப்பா.

எனக்கு மிகப் பிடித்தது 'தபாத்தியா'. குவாதலஹாரா நகரத்துக்காரி என்று அர்த்தம். உருவாக்கியவர் ரிட்டோ ரொமேரோ. எதிராளியைக் குப்புறப் போட்டு, அவன் கால்களைத் தன் காலால் பின்னி, இரண்டு கைகளையும் பிடித்து, பின்பக்கமாகச் சாய்ந்து அவனை அப்படியே கூரையைப் பார்க்கத் தூக்குவது. ஊஞ்சல் மாதிரி அந்தரத்தில் தொங்குவான். பார்க்க அழகு. ஆனால் போடுகிறவனின் இரண்டு தோளும் கித்தானில் படிந்திருக்கின்றன! ரெஃப்ரி எண்ண ஆரம்பித்துவிடலாம். எதிராளியைச் சரணடைய வைக்கப் போய்த் தானே தோற்கிற அபாயம். அதனால் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டே இழுக்க வேண்டும், அல்லது சட்டென்று முடிக்க வேண்டும். ஒரு பிடிக்குள்ளேயே இப்படி நாடகத்தை வைத்தவனைக் கும்பிடலாம்.

குவாதலஹாரா என்றதும் தியாப்லோ வெலாஸ்கோ பெயர் வருகிறது. அட்லாந்திஸ், சதானிக்கோ, மில் மாஸ்கராஸ், பெர்ரோ அகுவாயோ, எல்லாரும் அவர் பட்டறை. இவ்வளவு வேறுபட்ட ஆட்கள் ஒரே ஆசிரியரிடமா என்று ஆச்சரியப்பட்டேன். ஒரு கோச்சாக எனக்குப் பொறாமை.

மார்டினெட்டே, அதாவது தலைகீழாகப் பிடித்துத் தலையைத் தரையில் இறக்குவது, அங்கே தடை. போட்டால் அந்த இடத்திலேயே தகுதிநீக்கம். இது நல்ல விதி. ஜூடோவிலும் தலையில் இறக்குவதை அனுமதிக்க மாட்டோம்.


#16 யாழ்_நீலன்

நீங்கள் எல்லாரும் ஒரே கம்பெனியைப் பற்றியே கதைக்கிறீங்கள். 1975ல பிரிஞ்சு போய்த் தொடங்கின யுடபிள்யூஏவை மறந்திட்டீங்களோ? நவுகல்பான்ல எல் தோரேயோ எண்ட மாட்டுச்சண்டை மைதானத்தில நடத்தினவை. அந்த மைதானத்தை 2008ல இடிச்சுப்போட்டு இப்ப கடைத்தொகுதி கட்டிக் கிடக்கு.

அங்க 1978ல கனெக் எண்ட 20 சொச்ச வயசுப் பொடியன் லூ தெஸ்ஸிட்ட இருந்து ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்தவன். தெஸ்ஸுக்கு அப்ப 62 வயசு! உலகத் தரைவித்தைக்கே பெரியவர். என்ர கண்ணில அந்தப் பட்டத்துக்கு மதிப்பு வந்ததே அவர் கையால குடுத்ததாலதான்.

ஜப்பானில இருந்து கிரான் ஹமாதா அங்க வந்து நிண்டவர். பிறகு அல்டிமோ டிராகன் ஆன அசாய் 1987ல மெக்சிகோ வந்துதான் தொழிலில காலூண்டினவர். ஜூனியர் ஹெவிவெயிட் எண்டு நாங்கள் கொண்டாடுற ஜப்பான் பாணியில பாதி, பித்தன் அண்ணை சொல்லுற இந்தத் தரையில இருந்து போனது. அப்ப நொண்டுறது மட்டும் ஏன் திரும்பிப் போகேல்ல எண்டுதான் இப்பவும் என்ர கேள்வி.


#17 பழைய_கேசட்

நீலன் தம்பி விடமாட்டார் போல. ஒன்று மட்டும் சொல்கிறேன், 1993ல் அல்டிமோ டிராகனும் நெக்ரோ காசாஸும் அங்கே மோதிய மேட்ச் இருக்கிறது. உங்கள் இரண்டு மதமும் ஒரே ரிங்கில். பார்த்துவிட்டு யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்றைக்கு இதெல்லாம் செத்துவிட்டது என்று அழுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். 2011ல் விருஸும் கெரேரோ மாயா ஜூனியரும் சூப்பர் லைட்வெயிட் பட்டத்துக்கு ஆடியது இந்த வரிசையில் தைரியமாக வைக்கலாம். சிறிய உடம்பு, அதிகம் விளம்பரம் இல்லாத ஆட்கள். நெக்ரோ நவாரோவும் சோலாரும் தலை நரைத்த பிறகு சின்னச் சின்ன அரங்குகளில் ஆடிய 'மாஸ்ட்ரோ' மேட்சுகள் உண்டு, பெல்ட் கூட இல்லாமல், வெறும் பிடிகளாக. பிடித்துப்போனால் ஜனங்கள் ரிங்குக்குள் காசு எறிவார்கள். கச்சேரியில் சால்வை போர்த்துவதைவிட அது எனக்கு நேர்மையாகத் தோன்றுகிறது, உடனே கையில் கிடைக்கிறதே.

2024 ஏப்ரலில் 63 வயது ப்ளூ பேந்தர் அரீனா மெக்சிகோவில் அமெரிக்க மல்லர் பிரையன் டேனியல்சனோடு ஆடினார். 2008ல் வில்லானோ ஐந்திடம் மாஸ்க்கை இழந்தவர். முகம் தெரிகிறது இப்போது. 1991 மேட்சில் மாஸ்க்குக்குள் என்ன முகம் வைத்திருந்தார் என்று அதைப் பார்க்கும்போது ஊகித்துக்கொண்டே இருந்தேன்.


#18 ரூடோ_மருது

அக்கா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. பேந்தர் மூஞ்சி தெரியாததாலதான் எனக்கு அந்த மேட்சு ஒட்டலியோ என்னவோ. காசாஸ் மாஸ்க் போடாதவன், அவன் பல்லக் கடிக்கிறது தெரியுது. பேந்தர் கடிச்சா யாருக்குத் தெரியும்?

அட்லாந்திஸ்-பேந்தர் மூணாவது தடவ போடுறேன். இந்தத் தடவ மூஞ்சிய விட்டுட்டு கைய மட்டும் பாக்குறேன்.


#19 அரீனா_பித்தன்

இடது கையை, மருது. பிடியில் இல்லாத கையை.


#20 புதுசு_2024

டாண்டி-அஸ்தேக்கா பாத்து முடிச்சேன். எங்க அண்ணனுக்கு போன் பண்ணி "டாண்டி ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டேன். "அந்தத் தோக்குற ஆளா"ன்னான். வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பியிருக்கேன், ரெண்டு நீல டிக் வந்துடுச்சு, இன்னும் பதில் இல்ல. இன்னைக்கு ராத்திரி காசாஸ் மேட்ச்.

ஒரு கேள்வி மட்டும்: ஃபால் முடிஞ்சு மூலையில உக்காரும்போது உதவியாளர் காதுல அப்படி என்னதான் சொல்றாங்க?